ஆயில் லைட் எரிந்த பிறகு ஓடிய 6 கிலோமீட்டர்

வாசகர் கேள்வி:

அண்ணா, நான் பெருங்களத்தூரில் இருக்கிறேன். ஒரகடத்தில் வேலை. தினமும் போக வர 60 கி.மீ. டீசல் கார்தான் கட்டுப்படியாகும் என்று ஒரு புரோக்கர் மூலம் 2016 மாடல் செடான் ஒன்றை 3 லட்சத்து 85 ஆயிரத்துக்கு வாங்கினேன். 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். மீட்டரில் 78,000 கி.மீ. காட்டியது. "இப்பத்தான் புது ஆயில் மாத்தி வச்சிருக்கு, அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்றார் புரோக்கர். பத்து நாள் கழித்து, சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் லைட் இரண்டு மூன்று முறை மினுக்கியது. கேட்டதற்கு, சென்சார் கோளாறு என்று சொல்லிவிட்டார். ஐந்தாவது வாரம் குடும்பத்தோடு விழுப்புரம் போய்விட்டுத் திரும்பும்போது, மேல்மருவத்தூர் தாண்டியதும் அந்த லைட் அணையாமல் எரிந்தது. மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள். மதுராந்தகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். 6 கி.மீ. போயிருப்பேன், தடதடவென்று சத்தம் வந்து இன்ஜின் நின்றுவிட்டது. இறங்கி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பாதிக்கு மேல் இருந்தது. ஒரு மெக்கானிக் ஃபுல் இன்ஜின் வேலை என்று 1,45,000 கேட்கிறார். இன்னொருவர் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளிலிருந்து பழைய இன்ஜின் வாங்கி மாட்டித் தருகிறேன், 80,000 ஆகும் என்கிறார். மச்சான், அப்படியே தள்ளிவிடு என்கிறார். என்ன செய்வது? தப்பு என் மேல்தானா? டீசல் வாங்கியதே தப்பா? ஆபீசில் இன்னும் இரண்டு பேர் பழைய டீசல் கார் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது. வண்டி நின்ற பிறகு டிப்ஸ்டிக்கில் ஆயில் பாதிக்கு மேல் இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் ஆயில் ஒழுகித் தீர்ந்து இன்ஜின் போகவில்லை. ஆயில் இருந்தும் போயிருக்கிறது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் 1,45,000-மா, 80,000-மா என்று யோசிப்பதில் பயனில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் அதே காரணம் மறுபடி வந்து நிற்கும்.

முதலில் அந்தச் சிவப்பு லைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலரும் அதைப் பெட்ரோல் முள் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கும், ஊருக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்த லைட் ஆயிலின் அளவைக் காட்டுவதே இல்லை. ஆயிலுக்கு அழுத்தம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஓடுகிற இன்ஜினில், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்குகிற பேரிங்கும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனத்துக்கு ஆயில் படலம் நிற்கும். கிராங்க் அதன் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்குள் இருக்கும் தண்டும் அப்படித்தான். சின்ன டீசல் இன்ஜின்களில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகும். உங்கள் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தள்ளுவதும் ஆயில் அழுத்தம்தான். இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பம்ப். அந்தப் பம்ப் ஆயிலை உறிஞ்சுவது, இன்ஜினின் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் இருக்கும் ஒரு சல்லடை வழியாக.

உங்கள் வண்டியில் அந்தச் சல்லடைதான் அடைத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வண்டியைப் பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் அதற்குப் பொருந்தி வருகிறது. டீசல் எரியும்போது வரும் கரியில் ஒரு பங்கு ஆயிலில்தான் வந்து சேரும். நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியில் இந்தக் கரியும் பழைய ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி ஆகி, சம்ப்பின் அடியிலும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு மேலும் படிந்து கிடக்கும். அதுவரை கிடந்த இடத்தில் கிடக்கும். விற்பதற்கு முன்னால் புது ஆயில் ஊற்றுகிறார்கள். நல்ல ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் சேர்மானம் உண்டு. சிலர் அதற்கு முன் இன்ஜின் ஃப்ளஷ் என்று ஒன்றையும் ஊற்றி ஓட்டுவார்கள். வருஷக்கணக்காகப் படிந்தது பெயர்ந்து வந்து சல்லடையை மூடுகிறது. சிக்னலில் நிற்கும்போது லைட் மினுக்கியது என்றீர்களே, இன்ஜின் சூடாகி ஆயில் இளகி, பம்ப் மெதுவாகச் சுற்றுகிற நேரம் அது. அழுத்தம் குறைந்தால் முதலில் தெரிவது அங்கேதான். அதை சென்சார் கோளாறு என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்ப்பது கொஞ்ச நேர வேலை. அதைச் செய்யாமல் சென்சார் என்று யாரும் சொல்லக்கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தப்பு உங்கள் மேல்தானா என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். அந்த 6 கி.மீ. ஓட்டியிருக்கக் கூடாது. உங்கள் மனைவி சொன்ன இடத்தில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்திருந்தால், பேரிங் செட்டும் சல்லடையும் மாற்றுவதோடு முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. டோ வண்டிக்கு ஆகிற சில ஆயிரம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த இன்ஜினின் சீக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் தொடங்கவில்லை. உங்களிடம் வருவதற்கு முன்பே, யாரோ ஒருவர் பல வருஷம் ஆயில் மாற்றாமல் ஓட்டியபோதே தொடங்கிவிட்டது. அந்தப் பாரத்தையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

அந்த 78,000 மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 9 வருஷத்தில் 78,000 என்றால் மாதத்துக்கு 700 கி.மீ. சொச்சம். அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் கூடுதல் பணம் கொடுத்து டீசல் வாங்குவது அபூர்வம். ஓன் போர்டிலேயே (சொந்த உபயோகப் பதிவில்) கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய வண்டிகள், டி போர்டில் (டாக்ஸி பதிவில்) ஓடி ஓன் போர்டுக்கு மாறிய வண்டிகள் எல்லாம் என் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழத்திருக்கும், ஸ்டியரிங்கில் மேல் தோல் தேய்ந்து பளபளக்கும், டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப் போயிருக்கும், மீட்டர் மட்டும் இளமையாக இருக்கும். உங்கள் வண்டி எண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கி.மீ.-இல் வந்தது என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். 2019-இலேயே 90,000 என்று இருந்தால் உங்கள் கையில் ஒரு ஆதாரம் கிடைத்த மாதிரி.

கிலோமீட்டர் சரியாகவே இருந்தாலும் சென்னையில் அது முழுக் கதையைச் சொல்லாது. 10,000 கி.மீ.-க்கு ஒரு முறை ஆயில் மாற்று என்று புத்தகத்தில் போட்டிருக்கும். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடினால் அந்த 10,000-ஐக் கடக்க 143 மணி நேரம் போதும். கத்திப்பாராவிலும் துரைப்பாக்கத்திலும் மாட்டிக்கொண்டு சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு இன்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். ஆயிலுக்கு வயசாவது மணி நேரத்தில்தான். நகரத்துக்குள் ஓடும் டீசல் வண்டிக்கு நான் 7,500 தாண்ட விடுவதில்லை. அதற்கு முன்பே ஒரு வருஷம் ஆகிவிட்டால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுவேன்.

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதல் காரியம், சாவியைத் திருப்பி ஸ்டார்ட் ஆகிறதா என்று இனி யாரும் முயற்சி செய்யக்கூடாது. ஒவ்வொரு முயற்சியும் கிராங்க்கை இன்னும் கீறும். அடுத்து, சம்ப்பை மட்டும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முழு இன்ஜினையும் இறக்க வேண்டியதில்லை, கூலியும் பெரிதாக வராது. நீங்கள் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் தார் இருக்கிறதா, சம்ப்பின் அடியில் தங்க நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் பொடி மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அது பேரிங்கின் உலோகம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளைக் கையால் ஆட்டிப் பார்த்தால் எதன் பேரிங் அடித்திருக்கிறது, அதாவது கெட்டிருக்கிறது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். ராடு உடைந்து, இன்ஜினின் உடலான பிளாக்கில் ஓட்டை போட்டிருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிற விஷயம். நீங்கள் எழுதிய சத்தத்தையும், கீழே ஆயில் கொட்டியதாக எழுதாததையும் வைத்துப் பார்த்தால் பிளாக் தப்பித்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிளாக் நன்றாக இருந்தால் உங்கள் இன்ஜினையே வேலை செய்யுங்கள். என் யோசனை இதுதான். ஆனால் அந்த 1,45,000-க்கு ஒரு பிரிப்புக் கேளுங்கள். ஹாஃப் வேலை, ஃபுல் வேலை என்று சொல்வார்கள், பட்டறைக்குப் பட்டறை அதற்கு அர்த்தம் வேறு. கிராங்க்கை லேத்தில் கொடுத்து அரைக்கப் போகிறார்களா, புதிதாகப் போடுகிறார்களா? அரைத்தால் எந்த சைஸ் பேரிங்? பிஸ்டன், ரிங்ஸ் மாற்றுகிறார்களா? சிலிண்டரை அளந்து பார்த்துத்தான் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) சொல்கிறார்களா? டைமிங் செயின் கிட் முழுவதும் உண்டா? ஆயில் பம்ப் புதிதா? ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்வார்களா? டர்போ தண்டில் ஆட்டம் இருக்கிறதா? இத்தனைக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அந்தப் பட்டியலில் ஆயில் கூலர் என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொந்தமாகப் பட்டறை வைத்த புதிதில் பேரிங் அடித்த ஒரு வேன் வந்தது. கிராங்க் அரைத்து, பேரிங் போட்டு, பம்ப் மாற்றி, நல்ல ஆயில் ஊற்றி அனுப்பினேன். ஆயில் கூலரை மட்டும் டீசலில் அலசி, காற்றடித்து மாட்டினேன். 400 கி.மீ.-இல் வண்டி திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் புதுப் பேரிங் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. பழைய பேரிங்கின் பொடி கூலரின் நுணுக்கமான அடுக்குகளுக்குள் ஒளிந்திருந்து, சூடு ஏறியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கிறது. கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அந்த மனிதரின் பிழைப்பே அந்த வேனில்தான் இருந்தது, இரண்டு வாரச் சவாரி போய்விட்டது. அதிலிருந்து பேரிங் அடித்து வருகிற எந்த இன்ஜினிலும் பழைய கூலரை நான் திரும்ப மாட்டுவதில்லை. டர்போவுக்கு ஆயில் போகிற மெல்லிய குழாயையும் அப்படித்தான். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். டர்போ சீல் கசிந்திருந்தால் அதற்குள் ஆயில் தேங்கியிருக்கும். அதை இன்ஜின் உறிஞ்சினால், டீசல் சப்ளையை நிறுத்தினாலும் நிற்காமல் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு வெறி பிடித்த மாதிரி ஓடும். காற்று வழியை அடைத்தோ, மேல் கியரில் கிளட்ச்சை விட்டோதான் அதை நிறுத்த முடியும். ஒரு முறை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிளாக் உடைந்திருந்தால் மட்டும் புதுப்பேட்டை. அந்த இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் பட்டறைக்கும் அங்கிருந்து எத்தனையோ சாமான் வந்திருக்கிறது. உங்கள் இன்ஜினில் ஒரு வசதியும் இருக்கிறது. ஃபியட் வடிவமைத்த அந்த 1248 சி.சி. மல்டிஜெட்டை நம் ஊரில் மாருதி, டாடா, ஃபியட் என்று பலரும் போட்டார்கள். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, சியாஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லினியா எல்லாவற்றிலும் அதே குடும்பம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனாலும் சாமானுக்கு இன்றைக்கும் பஞ்சம் இல்லை. அதற்காக எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிவிட முடியாது. 75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என்று இரண்டு வகை உண்டு, டர்போவே வேறு. மவுன்ட், சம்ப், வயரிங் ஆகியவையும் வண்டிக்கு வண்டி மாறும். வாங்குவதற்கு முன் அந்த இன்ஜினின் சம்ப்பையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் தார் இருந்தால் 80,000 கொடுத்து அதே சீக்கை இன்னொரு முறை வாங்கின மாதிரி ஆகும்.

பழைய இன்ஜின் மாட்டினால் ஆர்.சி.-யில் இன்ஜின் எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். அதற்கு, இன்ஜின் எண் போட்ட பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் தேவை. அது இல்லாமல் 'ஒண்ணும் ஆகாது சார்' என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். இன்ஜெக்டர்களை மாற்றினால் ஸ்கேனர் போட்டு அவற்றின் கோட் எண்ணை இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு.-வில் ஏற்றிவிட்டார்களா என்றும் கேளுங்கள். பல வண்டிகளில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, புகை வருகிறது, பிக்கப் இல்லை என்று அலைகிறார்கள்.

மச்சான் சொல்வதைக் கேட்க வேண்டாம். ஓடாத காருக்குக் காயலான் கடைக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். வாங்குகிறவர் இதே வேலையைத் தன் பட்டறையில் செய்து இரண்டு மாதத்தில் நல்ல விலைக்கு விற்றுவிடுவார். பாடி நேராக இருந்து, கியர்பாக்ஸும் ஏ.சி.-யும் நன்றாக இருந்தால், உங்கள் ஓட்டத்துக்கு இந்த வண்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்வதே லாபம்.

புரோக்கர் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் சும்மாவும் விடாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து, பழைய வண்டிகளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அவர் டீலராக விற்றாரா, இரண்டு தனிநபர்களுக்கு நடுவில் நின்று கமிஷன் வாங்கினாரா என்று பாருங்கள். டீலராக இருந்து, மீட்டரைக் குறைத்ததற்கு சர்வீஸ் பதிவும் கிடைத்துவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதற்காகவே சொல்கிறேன், சம்ப்பைத் திறக்கும் தேதியை அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத் திறங்கள். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற சேர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் ஒழுகியதற்கும்தான் வழக்கமாகப் பொருந்தும்.

டீசல் வாங்கியதே தப்பா என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தப்பில்லை. தினம் 60 கி.மீ., வருஷத்துக்கு 18,000 வரும். அதுவும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை, இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரே சீராக ஓடுகிற பாதை. டீசல் இன்ஜின் அதற்காகவே பிறந்தது. பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சூடேறுவதற்குள் அணைக்கிற டீசல் இன்ஜினில் கரி சேரும், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு அடைக்கும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல்களில் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். உங்கள் ஆபீஸ் நண்பர்களில் யாராவது மேடவாக்கத்துக்குள்ளேயே சுற்றுகிறவராக இருந்தால் அவருக்குப் பெட்ரோல் போதும்.

டீசல்தான் என்று முடிவு செய்தவர் காலையில் போய்ப் பாருங்கள். நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது ஆயில் லைட்டும் செக் இன்ஜின் லைட்டும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். திருப்பியதும் எரியவே இல்லையென்றால் யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று விநாடி காதைக் கொடுங்கள், செயின் சலசலக்கும் சத்தம் அங்கேதான் கேட்கும். பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நின்றால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, ரிங்ஸ் போயிருக்கிறது. மூடியின் உட்புறத்தைப் பாருங்கள், தார் படிந்திருக்கிறதா என்று. உங்கள் வண்டியில் அன்றைக்கு யாராவது அதைப் பார்த்திருந்தால் பேரம் அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். தேன் மாதிரி புத்தம் புதிதாக இருந்தால்தான் நான் கேள்வி கேட்பேன்: இதற்கு முன் எப்போது மாற்றினீர்கள், பில் எங்கே?

நம் ஊருக்கென்று ஒரு பயம் இருக்கிறது, வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் செய்வது மிகச் சரி. நிற்கிற வண்டியில் தண்ணீர் புகுந்தால் சீட், வயரிங்கோடு போகலாம். தண்ணீருக்குள் ஓட்டியோ, நின்றதை மறுபடி ஸ்டார்ட் செய்தோ இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கதை வேறு. காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது, அதனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கொஞ்சமாக வளைந்த ராடோடு அந்த இன்ஜின் மாதக்கணக்கில் ஓடவும் செய்யும், பிறகு ஒரு நாள் உடைந்து பிளாக்கைத் துளைக்கும். அதனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் முன்பின் நகரும் கம்பிகளில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் வரும் வாசனை, இவற்றையும் விடாதீர்கள்.

டைமிங் செயினா பெல்ட்டா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டின் 1.5 டீசலிலும், ஒரகடத்தில் செய்த டஸ்ட்டரின் 1.5 டீசலிலும் பெல்ட். பெல்ட் என்றால் கெட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அதற்குக் கிலோமீட்டரிலும் வருஷத்திலும் ஆயுள் உண்டு. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

உங்கள் வண்டி வேலை முடிந்து வந்ததும் முதல் 1,000 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். 2,500 ஆர்.பி.எம். தாண்ட வேண்டாம், ஒரே வேகத்திலேயே மணிக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துத் தரச் சொல்லி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அன்றைக்குப் பட்டறையில் நீங்கள் இருங்கள். கழற்றிய ஃபில்டரின் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் காட்டிப் பாருங்கள். முதல் தடவை சின்னதாக ஒன்றிரண்டு துகள் இருக்கலாம். மடிப்பு முழுக்க மின்னினால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள், ஸ்டார்ட்டும் செய்ய விடாதீர்கள். அந்தப் படத்தையும் சம்ப் திறந்தபோது எடுத்த படங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.